ஜெனுயினா, கொப்பியா? போட் எஞ்சினைப் பிரிக்கும் முன் போட வேண்டிய கணக்கு

மாரி தொடங்கி வாடைக்காற்று எழும்பினால் திருகோணமலையில் திருக்கடலூரிலிருந்து குச்சவெளி வரை சிறு போட்டுகள் மணலில் ஏறிவிடும். எஞ்சின் பிரிக்கிற காலம் அதுதான். பிரித்துச் சாமான்களை மேசையில் பரப்பிய பிறகு எல்லாருக்கும் வருகிற கேள்வியும் ஒன்றுதான்: ஒரே பிஸ்டனுக்குக் கடையில் மூன்று விலை சொல்கிறார்கள், எதை எடுப்பது? சிலர் "எல்லாம் ஜெனுயின்" என்று ஓடர் கொடுத்துவிட்டு, பில்லைப் பார்த்து எஞ்சினைத் தார்ப்பாயால் மூடி வைக்கிறார்கள். சிலர் முழுக்கக் கொப்பிச் சாமான் போட்டு, பங்குனி கழியும் முன்னரே அதே எஞ்சினை மறுபடி பிரிக்கிறார்கள்.

எஞ்சின் முழுவதுக்கும் ஒரே பதிலைத் தேடுவதால் வருகிற சிக்கல் இது. முடிவைப் பாகம் பாகமாக எடுத்தால் பணமும் மிஞ்சும், எஞ்சினும் நிற்காது. இங்கே எடுத்துக்கொள்வது 15, 25, 40 குதிரைவலு டூ-ஸ்ட்ரோக் ஔட்போட் எஞ்சின்கள். பெற்றோலில் ஓடுவதும் மண்ணெண்ணெயில் ஓடுவதும் இதில் அடங்கும்.

கடையில் கிடைக்கும் நான்கு வகை

ஜெனுயின் என்பது எஞ்சின் கொம்பனியின் பெட்டியில், கொம்பனியின் பாக எண்ணோடு வருவது.

இரண்டாவது வகை, பெயருள்ள தயாரிப்பாளரின் மாற்றுப் பாகம். எஞ்சின் கொம்பனி எல்லாப் பாகத்தையும் தானே வார்ப்பதில்லை. பிளக் என்ஜிகே, சீல் என்ஓகே, பேரிங் என்டிஎன், கோயோ, என்எஸ்கே என்று வெளியில் வாங்கித் தன் பெட்டியில் போடுகிறது. அதே தயாரிப்பாளரின் சொந்தப் பெட்டியில் வாங்கினால் விலை இறங்கும். ஆனால் எல்லாப் பாகத்துக்கும் இந்த வழி திறந்திருக்காது.

மூன்றாவது, பெயரில்லாத கொப்பி. ஒரே ஆலையின் சாமான் இந்த மாதம் ஒரு பெட்டியிலும் அடுத்த மாதம் வேறு பெட்டியிலும் வரும். எல்லாமே மோசம் என்று சொல்ல முடியாது. போன முறை நன்றாக ஓடியது இந்த முறையும் ஓடும் என்பதற்கு உத்தரவாதம் இல்லாததுதான் அதன் குறை.

நான்காவது, வேறொரு எஞ்சினிலிருந்து கழற்றிய பழைய ஜெனுயின். இதைப் பலர் கணக்கிலேயே எடுப்பதில்லை. சில பாகங்களுக்கு இதுதான் சிறந்த தெரிவு.

ஐந்தாவதாக ஒன்றும் உண்டு. ஜெனுயின் பெட்டியில் வரும் கொப்பி. ஜெனுயின் விலை கொடுத்துக் கொப்பி வாங்குவதைவிடத் தெரிந்தே கொப்பி வாங்குவது நல்லது. கொப்பி என்று தெரிந்தால் குறைந்தபட்சம் அளந்தாவது பார்ப்பீர்கள்.

எதை வைத்து முடிவெடுப்பது

விலையை முதலில் பார்க்க வேண்டாம். ஒவ்வொரு பாகத்தையும் கையில் வைத்துக்கொண்டு இந்த வரிசையில் கேளுங்கள்.

1. இது உடைந்தால் போட் எங்கே நிற்கும்? கொட்டியாரக்குடாவுக்குள் நின்றால் யாராவது கட்டி இழுத்து வருவார்கள். கண்ணுக்குக் கரை தெரியாத இடத்தில், கச்சான் காற்று அடிக்கும்போது நின்றால் பேச்சே வேறு.
2. இதை மாற்ற மறுபடி கிராங்க் கேஸைப் பிளக்க வேண்டுமா, இல்லை வெளியிலிருந்தே மாற்றலாமா?
3. இது கெட்டால் தான் மட்டும் கெடுமா, பக்கத்தில் உள்ளதையும் கொண்டுபோகுமா? ஓர் இம்பெல்லர் (தண்ணீர் பம்பின் ரப்பர் சக்கரம்) கெட்டால், எஞ்சின் குளிராமல் இரண்டு பிஸ்டன் போகும்.
4. கடையிலோ லேத்திலோ அளந்து தரம் பார்க்கக்கூடிய பாகமா? பிஸ்டனின் அளவை மைக்ரோமீற்றரால் பார்க்கலாம். ரப்பருக்குள் என்ன கலந்திருக்கிறது என்பதை யாராலும் பார்க்க முடியாது.
5. இந்த எஞ்சின் இன்னும் எத்தனை வருடம் ஓடப்போகிறது?

இரண்டாவது, மூன்றாவது கேள்விகளுக்குப் பாதகமான பதில் வந்தால் விலை பேச வேண்டாம். அந்தப் பாகத்தில் மிச்சம் பிடிக்க எதுவும் இல்லை.

ஒரே பார்வையில்

| பாகம் | ஜெனுயின் | பெயருள்ள மாற்று | பெயரில்லாத கொப்பி | கழற்றிய பழையது |
|---|---|---|---|---|
| பிஸ்டன், ரிங் | முதல் தெரிவு | அளந்து போடலாம் | கரையோரத் தொழிலுக்கு, அளந்தால் மட்டும் | வேண்டாம் |
| கிராங்க் பேரிங் | நல்லது | குறியீடு ஒத்தால் அதே தரம் | வேண்டாம் | வேண்டாம் |
| கனெக்டிங் ரொட் செட் | முதல் தெரிவு | போடலாம் | வேண்டாம் | முழுக் கிராங்காகக் கிடைத்தால் பார்க்கலாம் |
| கிராங்க் சீல் | நல்லது | அதே தரம் | வேண்டவே வேண்டாம் | வேண்டாம் |
| ஹெட் கஸ்கட், எக்சோஸ்ட் கஸ்கட் | முதல் தெரிவு | போடலாம் | தடிப்பு ஒத்தாலும் சந்தேகம் | வேண்டாம் |
| இம்பெல்லர் | முதல் தெரிவு | போடலாம், அடிக்கடி மாற்ற வேண்டும் | வேண்டாம் | வேண்டாம் |
| சிடிஐ (பிளக்கின் நெருப்பை நேரம் பார்த்துப் போடும் மின்பெட்டி), கொயில் | விலை அதிகம் | கொயில் மட்டும் | சிடிஐ வேண்டாம் | நல்ல தெரிவு |
| காபரேற்றர் உடல், பிளைவீல், பிராக்கெட் | தேவையில்லை | தேவையில்லை | வேண்டாம் | முதல் தெரிவு |
| பிளக், அனோட் | பெட்டிக்காகக் காசு | முதல் தெரிவு | வேண்டாம் | வேண்டாம் |

பிஸ்டனும் ரிங்கும்: லேத்துக்குப் போகும் முன்

அதிகம் பணம் போவதும் அதிகம் பிழை நடப்பதும் இங்கேதான். கொப்பிப் பிஸ்டன் பிடித்துவிட்டது என்று சொல்லப்படும் பலவற்றில் பிஸ்டன் குற்றவாளியே இல்லை. சிலிண்டரின் உள்துளையை லேத்தில் கடைந்த, அதாவது போர் செய்த, அளவுதான் தவறு.

முதலில் பழைய பிஸ்டனைப் படியுங்கள். ஏன் கெட்டது என்று தெரியாமல் புதியது போட்டால், ஜெனுயினும் அதே வழியில்தான் போகும். எக்சோஸ்ட் பக்கம் மட்டும் கீறியிருந்தால் சூடோ, ஒயில் குறைவோ காரணம். பிஸ்டன் பின்னுக்கு (பிஸ்டனை ரொட்டோடு சேர்க்கும் கம்பி) இரு புறமும் நான்கு இடத்தில் நீளமாகக் கீறியிருந்தால் பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் இடைவெளி போதவில்லை, அல்லது குளிர்ந்த எஞ்சினைக் கரையிலிருந்து எடுத்த கையோடு முறுக்கியிருக்கிறார்கள். இரண்டு பிஸ்டனில் ஒன்று மட்டும் போயிருந்தால் அந்தப் பக்கத்துச் சீலையும் காபரேற்றரையும் பாருங்கள். தலையில் ஓட்டை விழுந்திருந்தால் கலவை மெலிந்திருக்கிறது, அல்லது நெருப்பு முந்தி விழுகிறது.

பிறகு போரை அளக்க வேண்டும். மேல், நடு, கீழ் என்று மூன்று உயரத்தில், ஒவ்வொன்றிலும் குறுக்கும் நெடுக்குமாக, மொத்தம் ஆறு அளவு. யமஹாவின் சிறு டூ-ஸ்ட்ரோக்குகளுக்குப் பொதுவாகச் சொல்லும் எல்லை: மேலுக்கும் கீழுக்கும் வித்தியாசம் 0.08 மி.மீ., வட்டம் கோணியது 0.05 மி.மீ. அதற்குள் இருந்தால் ஹோனிங் (உட்சுவரை மெல்லத் தேய்த்தல்) செய்து புது ரிங் போதும். தாண்டினால் 0.25 அல்லது 0.50 ஓவர்சைஸ், அதாவது அத்தனை மி.மீ. பெரிய பிஸ்டன்.

பிஸ்டனை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டுதான் லேத்துக்குப் போக வேண்டும். "0.50 போர் பண்ணி வையுங்கோ, பிஸ்டன் பிறகு வரும்" என்று பிளாக்கை விட்டுவிட்டு வந்தால் வேலை அங்கேயே கெட்டுவிட்டது. உதாரணத்துக்கு, 80 மி.மீ. போர் உள்ள ஒரு 40 குதிரைவலு எஞ்சினை எடுப்போம். 0.50 ஓவர்சைஸ் பிஸ்டனின் பாவாடையை (கீழ்ப் பகுதியை), அடியிலிருந்து சுமார் 10 மி.மீ. மேலே, பின்னுக்குக் குறுக்காக அளந்தால் 80.44 வருகிறது. இடைவெளி 0.06 தேவையென்றால் போர் 80.50. அதே பெயரில் வந்த கொப்பிப் பிஸ்டன் 80.47 அளவில் இருக்கலாம். அதே 80.50 போரில் போட்டால் இடைவெளி 0.03 தான். கரையில் கையால் சுற்றும்போது பட்டுப்போல ஓடும். முழு வேகத்தில் பத்து நிமிடம் ஓடினால் பிடித்துக்கொள்ளும்.

அளவு சரியாக இருந்தாலும் உலோகம் இன்னொரு பிரச்சினை. நல்ல பிஸ்டனில் அலுமினியத்தோடு சிலிக்கன் போதிய அளவு கலந்திருக்கும். அதனால் சூட்டில் குறைவாக விரியும். மலிவான வார்ப்பில் சிலிக்கன் குறைந்தால் அதிகம் விரியும். ஆகவே கொப்பிப் பிஸ்டனுக்கு கையேட்டில் சொன்ன எல்லையின் மேற்பக்கத்தில் இடைவெளி வைப்பது பாதுகாப்பு. கொஞ்சம் சத்தம் வரும், பிடிக்காது. இரண்டு பிஸ்டனையும் தராசில் வையுங்கள். ஒன்றுக்கொன்று சில கிராம் வித்தியாசம் இருந்தால் அந்தப் பெட்டியைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள்.

ரிங்கைப் போருக்குள் தள்ளி, பிஸ்டன் தலையால் நேராக்கி, ஃபீலர் கேஜால் வாயிடைவெளியைப் பாருங்கள். ஜெனுயின் என்றாலும் பார்க்க வேண்டும். ரிங் பள்ளத்தில் ஒரு சிறு முளை இருக்கும். ரிங்கின் வாய் அந்த முளையில்தான் உட்கார வேண்டும். கொப்பிகளில் சில சமயம் அந்த முளை தளர்ந்திருக்கும். நகத்தால் அசைத்துப் பாருங்கள். அது கழன்றால் ரிங் சுழன்று எக்சோஸ்ட் துளையில் மாட்டி உடையும், ஸ்லீவும் (சிலிண்டரின் உள் உறை) கிழியும்.

லேத்காரருக்கு ஒன்று சொல்லியே ஆக வேண்டும். வான், லொறி எஞ்சின்களின் போரில் துளை இல்லை. டூ-ஸ்ட்ரோக் ஸ்லீவில் துளைகள் உண்டு. போர் செய்தபின் அந்தத் துளைகளின் ஓரம் கத்தி போல நிற்கும். அதை மெல்லிய அரத்தால் சரித்துவிட வேண்டும். இதை மறந்தால் எந்தக் கொம்பனி ரிங்கும் நிற்காது.

பிஸ்டன் பின்னைப் பிடிக்கும் சேர்க்ளிப் எப்போதும் புதிது, எப்போதும் ஜெனுயின். எஞ்சினிலேயே விலை குறைந்த பாகங்களில் அது ஒன்று. கழன்றால் எஞ்சினிலேயே பெரிய சேதம் அதால்தான்.

கிராங்க், பேரிங், சீல்

இவை மூன்றும் பிளந்தால்தான் கிடைக்கும் இடத்தில் இருக்கின்றன. எனவே கூலியையும் கடலில் போகாத நாளையும் சேர்த்தே இவற்றின் விலையைப் பார்க்க வேண்டும்.

பேரிங்கில் ஜெனுயின் பெட்டிக்குக் கூடுதல் காசு கொடுக்க அவசியம் பெரும்பாலும் இல்லை. பழைய பேரிங்கின் விளிம்பில் தயாரிப்பாளர் பெயரும் எண்ணும் அடித்திருக்கும். அதே பெயர், அதே எண் கேளுங்கள். ஆனால் எண்ணோடு நிறுத்தாதீர்கள். 6305 என்ற எண்ணுக்குப் பின்னால் சி3 போன்ற ஒரு குறி இருக்கும். அது உள்ளே குண்டுகளுக்கு உள்ள இடைவெளி. சூட்டில் கிராங்க் விரியும்போது அந்த இடைவெளிதான் பேரிங்கை இறுகவிடாமல் காக்கிறது. பம்ப் மோட்டாருக்கு விற்கும் சாதாரண 6305 உள்ளே அழகாக உட்காரும். ஓடும்போதுதான் தெரியும். யமஹாவில் 93 என்று தொடங்கும் பாக எண்கள் பெரும்பாலும் பேரிங், சீல், கிளிப் வகை. அவற்றில் சில விசேஷ இடைவெளியோடு செய்தவை. பழைய பேரிங்கில் குறி அழிந்து படிக்க முடியாவிட்டால் ஜெனுயின் எடுப்பதே சரி.

கனெக்டிங் ரொட் மாற்றுவது வேறு வகை வேலை. இந்த எஞ்சின்களில் கிராங்க் பல துண்டாகச் செய்து அழுத்திச் சேர்த்தது. ரொட் மாற்ற அதைப் பிரஸ்ஸில் பிரித்து, மறுபடி சேர்த்து, வீ-பிளாக்கில் வைத்து டயல் கேஜால் நேராக்க வேண்டும். முனையில் சில நூறில் ஒரு பங்கு மில்லிமீற்றர் மட்டுமே ஓட்டம் அனுமதி. இதைச் சுத்தியலால் தட்டிச் செய்யும் இடத்தில் ஜெனுயின் ரொட் கொடுத்தாலும் வீண். நேராக்கத் தெரிந்த கை பக்கத்தில் இல்லையென்றால், நல்ல நிலையில் உள்ள பழைய முழுக் கிராங்கைத் தேடுவது கொப்பி ரொட் செட்டைவிட மேல். வாங்கும் முன் ரொட்டின் பெரிய முனையை மேலும் கீழுமாக இழுத்துப் பாருங்கள். ஆட்டம் இருக்கக் கூடாது. பக்கவாட்டில் சற்று அசைவது இயல்பு.

மேல்முனை ஊசி பேரிங் சில மொடல்களில் கூடில்லாத தனித்தனி ஊசிகளாக இருக்கும். கழற்றும்போதே எண்ணி எழுதி வையுங்கள்.

சீல் மிகச் சிறிய சாமான், எஞ்சினின் உயிர் அதில். டூ-ஸ்ட்ரோக்கில் கிராங்க் கேஸே ஒரு பம்ப். கீழ்ச் சீலால் காற்று கசிந்தால் கீழ்ச் சிலிண்டரின் கலவை மெலியும்; அந்தப் பிஸ்டன் சூடாகிப் பிடிக்கும். உப்புத் தண்ணீருக்குப் பக்கத்தில் இருப்பதால் கீழ்ச் சீலின் சுருள்கம்பி முதலில் துருப்பிடிக்கும். கொப்பியில் அந்தக் கம்பி சாதாரண இரும்பாக வந்து, ஒரு மாரிக்குள் தூளாகிவிடும். என்ஓகே போன்ற பெயருள்ள சீல் போடுங்கள், இல்லையேல் ஜெனுயின். இதில் மிச்சம் பிடிப்பவருக்கு இரண்டு தேத்தண்ணிக் காசு மிஞ்சும்.

கஸ்கட்

கொப்பிக் கஸ்கட் செட் வாங்கினால் முதலில் துண்டுகளை எண்ணுங்கள். எக்சோஸ்ட் உள்மூடிக் கஸ்கட் விடுபட்ட செட்டுகள் உண்டு. அந்த இடம் ஒழுகினால் கடல் தண்ணீர் சிலிண்டருக்குள் வரும். இரவு கரையில் கிடந்த எஞ்சின் காலையில் சுற்றாமல் நிற்கும்.

ஹெட் கஸ்கட்டின் தடிப்பைப் பழையதோடு ஒப்பிடுங்கள். மெலிந்தால் அமுக்கம் கூடும், தடித்தால் குறையும். ஹெட்டை நேர்க்கோலும் ஃபீலர் கேஜும் வைத்துப் பாருங்கள். 0.1 மி.மீ.க்கு மேல் வளைந்திருந்தால் எந்தக் கஸ்கட்டும் தாங்காது. தடித்த கண்ணாடித் தட்டின்மேல் 400 முதல் 600 வரையான நம்பர் தண்ணீர்த் தேய்ப்புத் தாளை விரித்து, எட்டு வடிவில் தேய்த்துச் சமப்படுத்தலாம்.

தண்ணீர் பம்ப்

மகாவலி கொட்டியாரக்குடாவில் விழும் பக்கம் ஓடும் போட்டுகளும், மணலிலிருந்து தள்ளி இறக்கும் நிலாவெளிப் பக்கத்துப் போட்டுகளும் இம்பெல்லரை வேகமாகத் தின்னும். சேறும் மணலும் சேர்ந்த தண்ணீர் ரப்பரை மட்டுமல்ல, அது சுற்றும் உருக்குக் கிண்ணத்தையும் கீழ்த் தட்டையும் வரி வரியாக அரிக்கும். புது இம்பெல்லரைப் பழைய கிண்ணத்தில் போட்டால் பாதி வேலைதான்.

கொப்பி இம்பெல்லரின் குறை கண்ணுக்குத் தெரியாது. ரப்பர் நடுவில் உள்ள உலோகப் புஷ்ஷோடு சரியாக ஒட்டியிராது. புஷ் சுற்றும், ரப்பர் நிற்கும். பீய்ச்சும் துளையில் தண்ணீர் குறைந்து கொண்டு வரும். புது பிஸ்டன் போட்ட எஞ்சினுக்கு கொப்பி இம்பெல்லர் போடுவது, புதுப் பூட்டு வாங்கிச் சாவியைக் கதவிலேயே விட்டுவருவது போல.

தேர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிகிற பழக்கம் இங்கே அதிகம். சுமார் 50 பாகையில் திறக்கும் சிறு வால்வு அது. இல்லாமல் ஓடினால் எஞ்சின் குளிர்ந்தே ஓடும், கரி படியும். மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் சரியாக ஆவியாகாது என்பதால் அந்த எஞ்சின்களுக்குத்தான் இது கூடுதல் தேவை. கழற்ற வேண்டாம், சுடுதண்ணீரில் போட்டுத் திறக்கிறதா என்று பாருங்கள்.

மின்சாரப் பாகம், மற்றவை

கொப்பிச் சிடிஐ நெருப்பை எந்த இடத்தில் போடும் என்பது அதைச் செய்தவருக்கே தெரியாது. முந்திப் போட்டால் பிஸ்டன் தலை ஓட்டை. ஜெனுயினின் விலை தாங்காதென்றால் கழற்றிய ஜெனுயின் வாங்குங்கள். ஓடுகிற எஞ்சினில் மாட்டி, சூடாக அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்த பிறகு காசு கொடுங்கள். குளிர்ச்சியில் வேலை செய்து சூட்டில் நிற்பவை நிறைய.

பிளக் என்ஜிகே. குறியீடு கையேட்டில் உள்ளது. அனோட் (துருவைத் தன்மேல் வாங்கிக்கொள்ளும் உலோகத் துண்டு) பெயருள்ள எந்தத் தயாரிப்பாளருடையதாக இருந்தாலும் சரி, அதன்மேல் பெயின்ட் அடிக்காதீர்கள். போல்ட் வகையில் ஒரு எச்சரிக்கை: வன்பொருள் கடையின் ஸ்டெயின்லெஸ் போல்ட்டை அலுமினியத்தில் கிரீஸ் இல்லாமல் முறுக்கினால் அடுத்த முறை அது கழன்று வராது, தலை உடைந்துதான் வரும்.

மண்ணெண்ணெய் எஞ்சின்காரருக்கு

2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறியபின், சிலர் மண்ணெண்ணெய் எஞ்சினையும் பெற்றோல் எஞ்சினையும் கலந்து சாமான் போட்டார்கள். இது ஆபத்தான விளையாட்டு. மண்ணெண்ணெய் எளிதில் தட்டும் (சிலிண்டருக்குள் தானாக வெடித்தெரியும்) எரிபொருள். அதனால் அந்த மொடலில் அமுக்கம் குறைத்து வைத்திருக்கிறார்கள், காபரேற்றரின் ஜெட்டும் (எரிபொருள் வரும் சிறு துளை) வேறு. பெற்றோல் மொடலின் ஹெட்டோ பிஸ்டனோ வெளியளவில் பொருந்தும். உள்ளே சுத்தியல் அடிப்பது போல் சத்தம் வரும், சில வாரத்தில் பிஸ்டன் போகும். கடையில் "இரண்டுக்கும் ஒன்றுதான்" என்று சொன்னால் பாக எண்ணைக் கேளுங்கள்.

யமஹா பாக எண்ணின் முதல் மூன்று குறி அந்தப் பாகம் முதலில் எந்த மொடலுக்குச் செய்யப்பட்டது என்பதைச் சொல்லும். நடு ஐந்து இலக்கம் அது என்ன பாகம் என்பது: 44352 இம்பெல்லர், 11631 ஸ்டாண்டர்ட் பிஸ்டன், 11635 முதல் ஓவர்சைஸ், 11636 இரண்டாவது. பெட்டியில் 11636 என்றும் உள்ளே பிஸ்டன் தலையில் 0.25 என்றும் இருந்தால் பெட்டி மாறிவிட்டது, அல்லது மாற்றப்பட்டது.

பில்லில் வராத செலவு

கொப்பியின் உண்மை விலை பெட்டியின் விலை மட்டும் ஆகாது. மறுபடி பிளந்தால் ஒரு கஸ்கட் செட், மெக்கானிக் கூலி, எக்சோஸ்ட் மூடியில் உடையும் போல்ட்டுகளை எடுக்கும் கூலி, அவை எல்லாவற்றுக்கும் மேல் கடலில் போகாத நாட்கள். ஆடி, ஆவணியில் நான்கு நாள் கரையில் நிற்பதும் மார்கழியில் நான்கு நாள் நிற்பதும் ஒன்றல்ல. உங்கள் போட்டின் ஒரு நல்ல நாள் வருமானத்தை நான்கால் பெருக்கி, இரண்டு பெட்டிகளின் விலை வித்தியாசத்துக்குப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

ஜெனுயினுக்கும் மறைந்த செலவு உண்டு. இங்கே கையிருப்பில் இல்லாமல் கொழும்பிலிருந்து வர வேண்டும். 250 கிலோமீற்றருக்கு மேல். இரவு பஸ்ஸில் பார்சல் வந்துவிடும். ஆனால் கொழும்பிலும் இல்லையென்றால் காத்திருக்க வேண்டியது வாரக் கணக்கு. அதற்காகப் பிளந்த எஞ்சினை உப்புக் காற்றில் திறந்து வைத்தால் கிராங்க் துருப்பிடிக்கும். ஒயில் பூசி, பொலித்தீனால் இறுகக் கட்டி வையுங்கள்.

எரிபொருளும் கணக்கில் சேரும். ரிங் சரியாக அமராத எஞ்சின் அதே தூரத்துக்குக் கூடுதலாகக் குடிக்கும். அது ஒருநாளும் பாகத்தின் விலையாகத் தெரியாது, தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும்.

யாருக்கு எது

தினமும் தூரக் கடலுக்குப் போகும், பிளாக் நல்ல நிலையில் உள்ள எஞ்சினென்றால் உள்ளே போகும் எல்லாம் ஜெனுயின் அல்லது பெயருள்ள மாற்று. வெளிப் பாகங்களில் பழையதைத் தேடி மிச்சம் பிடியுங்கள். புறாத்தீவுக்கும் திமிங்கிலம் பார்க்கவும் ஆட்களை ஏற்றும் போட்டுக்கும் இதே விதி. ஏற்றி இறக்குவது மனிதர்களை.

பதினைந்து வருட எஞ்சினென்றால் முதலில் ஹெட்டைக் கழற்றி, தண்ணீர் ஓடும் வழியில் உப்பு எவ்வளவு அரித்திருக்கிறது என்று ஒரு ஆணியால் குத்திப் பாருங்கள். சுவர் மெலிந்து பொடிந்தால் ஜெனுயின் பிஸ்டன் செட் போடுவது, இடியப்போகிற வீட்டுக்குப் புதுக் கதவு போடுவதுதான். அந்த எஞ்சினுக்கு அளந்து போட்ட மாற்றுப் பிஸ்டனும் நல்ல சீலும் போதும். மிச்சக் காசை அடுத்த எஞ்சினுக்கு ஒதுக்குங்கள்.

உள் துறைமுகத்துக்குள்ளேயும் களப்பிலும் மட்டும் ஓடும் 15 குதிரைவலுவுக்குக் கொப்பிப் பிஸ்டன் போடலாம். சீலும் இம்பெல்லரும் அப்போதும் கொப்பி வேண்டாம்.

பருவத்தின் நடுவில் எஞ்சின் நின்றால் காத்திருக்க முடியாது. கையில் கிடைப்பதைப் போட்டு ஓடுவதில் தவறில்லை. எந்தப் பாகம் கொப்பி என்று எஞ்சின் மூடியின் உட்புறம் மார்க்கரால் தேதியோடு எழுதி வையுங்கள். வாடைக்காலம் வந்ததும் முதலில் மாற்ற வேண்டியது அது.

பூட்டிய பிறகு

முதல் 10 மணி நேரத்துக்கு பெற்றோலோடு ஒயில் 25-க்கு 1. அதன்பின் வழக்கமான 50-க்கு 1. முதல் மணி நேரம் பாதி வேகத்துக்கு மேல் வேண்டாம். இரண்டாவது மணி நேரம் முக்கால். மிச்ச எட்டு மணி நேரத்தில் முழு வேகத்தை ஐந்து நிமிடத்துக்கு மேல் பிடிக்காதீர்கள். கொப்பிப் பிஸ்டன் என்றால் இன்னும் கொஞ்சம் பொறுமை.

ஒயில் டிசி-டபிள்யூ3 (TC-W3) என்று குறித்ததாக இருக்க வேண்டும். மோட்டார் சைக்கிள் டூ-ஸ்ட்ரோக் ஒயில் மலிவு என்று அதை ஊற்றினால் ரிங் பள்ளத்தில் கரி இறுகி ரிங் ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பிஸ்டன் விற்ற கடைக்காரரோடு சண்டை பிடித்துப் பயனில்லை.

கழற்றிய பழைய பாகங்களை உடனே எறியாதீர்கள். முதல் 10 மணி நேரம் முடியும்வரை பெட்டிகளையும் பில்லையும் பழைய பிஸ்டனையும் ஒரு வாளியில் போட்டு வாடியில் வையுங்கள். ஏதாவது பிழையானால் புதுப் பிஸ்டனின் கீறலையும் பழையதன் கீறலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க அது வேண்டிவரும்.